நான்கு ஓட்டைகள்

உங்கள் வண்டியின் சேசிஸ் நம்பர் என்ன?

ஆர்.சி.யைத் தேடாமல், செல்போனை நோண்டாமல் சொல்ல வேண்டும். முடியாது, இல்லையா? என்னாலும் முடியாது. ரேஷன் கார்டு நம்பர், பான் நம்பர், காலேஜில் கூடப் படித்த பெண் வீட்டு லேண்ட்லைன் நம்பர் வரை ஞாபகம் வைத்திருக்கும் ஆசாமிகளைத் தெரியும். சேசிஸ் நம்பரை மனப்பாடமாகச் சொல்கிற ஒருவரை இதுவரை நான் சந்தித்ததில்லை. வண்டி வாங்கிய அன்று ஷோரூம் பையன் ஒருவன் குனிந்து, இரும்பின் மேல் பென்சிலைத் தேய்த்து, செல்லோ டேப் ஒட்டிப் பிய்த்து, ஃபாரத்தில் ஒட்டியிருப்பான். நீங்கள் அந்த நேரத்தில் மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். அதோடு சரி.

நானும் அப்படித்தான் இருந்தேன், என் சித்தப்பாவின் ஜீப்பைத் தொடும் வரை.

சித்தப்பா போடிநாயக்கனூர்க்காரர். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறினால் கேரளா. ஏலக்காய்த் தோட்டங்கள். இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் கூலி வேலைக்குப் பெண்கள் ஜீப்பில் ஏறி அந்தப் பக்கம் போய், பொழுது சாய இறங்குவார்கள். நீங்கள் தேனிப் பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். ஜீப்புக்குள் ஆள், பக்கவாட்டில் ஆள், பின்னால் தொங்குகிற ஆள், எல்லோர் மடியிலும் தூக்குச்சட்டி. அமெரிக்க ராணுவம் ஜீப்புக்கு வைத்த அதிகாரபூர்வப் பெயர் ‘கால் டன் டிரக்’. அந்தக் கால் டன்னைப் படித்துப் பார்த்தவர் யாரும் போடியில் இருந்ததாகத் தெரியவில்லை.

சித்தப்பா வண்டி ஓட்டுவார். சித்திதான் ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிற கங்காணி. பெண் கங்காணி. முழுப் பரீட்சை லீவுக்குப் போகும்போதெல்லாம் நான் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகரப் பெட்டி சீட்டில் உட்கார்ந்து மேலே போய் வந்திருக்கிறேன். ஏலக்காயும் டீசலும் சேர்ந்த அந்த வாசனை இருக்கிறதே... வேண்டாம், அதை எழுத ஆரம்பித்தால் இந்த வாரம் ஜீப்பை எட்ட மாட்டோம்.

வண்டி 1968 மாடல் மஹிந்திரா. பானெட் உயரமாக, நெற்றி தூக்கின மாதிரி இருக்கும். அந்த உயரத்துக்கு ஒரு காரணம் உண்டு. வில்லிஸ் கம்பெனி 1953-ல் புதிதாக ஒரு இன்ஜினைப் பொருத்தப் பார்த்தபோது அது பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. இன்ஜினைக் குறைக்க முடியாது, பானெட்டைத் தூக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1968-ல் அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். இங்கே மஹிந்திராவில் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அந்த உயரமான நெற்றி வந்துகொண்டே இருந்தது. 1945-ல் அந்தக் கம்பெனி ஆரம்பித்தபோது பெயர் ‘மஹிந்திரா அண்டு முஹம்மது’. பங்குதாரர் குலாம் முஹம்மது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் போய், நிதி அமைச்சராகி, கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-ல் கம்பெனி ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ ஆனது. ஆக, கம்பெனியே ஒரு தடவை நேம்பிளேட்டை மாற்றிக்கொண்டதுதான்.

சித்தப்பா 2001-ல் ஓட்டுவதை நிறுத்தினார். 2009-ல் காலமானார். ஜீப் சித்தி வீட்டுத் தென்னந்தோப்பில் ஒரு கீற்றுக் கொட்டகையில் நின்றது. கோழி முட்டை போட்டது. 2022 பொங்கலுக்குப் போனபோது சித்தி சொன்னார்:

“ஏய்யா, சாகறதுக்குள்ள அந்த வண்டில ஒருக்கா மெட்டுக்குப் போய்ட்டு வரணும்யா. ஒனக்குத்தான் மெட்ராஸ்ல காசு வருதுல்ல, சரி பண்ணிக் குடு.”

சித்திக்கு வயது 76. நானும் ‘சரி சித்தி’ என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொல்கிற ‘சரி’க்கு என்ன செலவாகும் என்பது அப்புறம்தானே தெரியும்.

ஜீப்பைப் புதுப்பிப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. நட்டு, போல்ட், ஸ்பிரிங் பட்டை, கண்ணாடி ஃபிரேம், எல்லாம் கிடைக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காதது வேறு எங்காவது கிடைக்கும். ஹரியானாவில் மண்டி டப்வாலி என்று ஒரு ஊர், ஜீப் கட்டுவதையே குடிசைத் தொழில் மாதிரி செய்கிறார்கள். போடியிலேயே ஒரு மெக்கானிக் தம்பி கிடைத்தார். சித்தப்பாவிடம் சின்ன வயதில் கிளீனராக இருந்தவர். மாதம் ஒரு தடவை நான் பஸ் ஏறிப் போவேன். ஒன்றரை வருடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. சித்தி சூடம் ஏற்றினார்.

அதற்கப்புறம்தான் பிரச்னை. வண்டியில் இரண்டு தகடுகள் இல்லை.

ஒன்று டேஷ்போர்டில் இருக்க வேண்டியது. ஜீப்பில் உங்கள் காலுக்குப் பக்கத்தில் மூன்று கம்பிகள் நிற்கும். ஒன்று சாதாரண கியர். நடுவில் இருப்பது முன் அச்சுக்கும் சக்தியைக் கொடுத்து நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற கம்பி. ஓரத்தில் இருப்பது ‘ஹை’, ‘லோ’ என்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற கம்பி. எந்தக் கம்பியை எப்போது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று படம் போட்ட தகடு அது. மற்றொன்று பானெட்டைத் திறந்தால், இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரில் இருக்க வேண்டியது. கம்பெனி பெயர், மாடல், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் போட்ட தகடு. வண்டியின் ஜாதகம். அது இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

முதல் தகடு சுலபமாக முடிந்தது. இதே மாடல் வைத்திருக்கும் ஒரு நண்பர் தன் வண்டித் தகட்டை அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். பாரிமுனைச் சந்து ஒன்றில் நேம்பிளேட் செய்கிற கடை. டாக்டர்கள், வக்கீல்கள், அபார்ட்மென்ட் செக்ரெட்டரிகளின் பெயர்கள் சுவர் முழுக்க மின்னிக்கொண்டிருந்தன. தகட்டின் மேல் ஒரு பூச்சைப் பூசி, எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் பூச்சை நீக்கி, பெர்ரிக் குளோரைடு கரைசலில் போடுகிறார்கள். பூச்சு இல்லாத இடத்தைக் கரைசல் தின்றுவிடுகிறது. பள்ளத்தில் கறுப்புப் பெயின்டைத் தடவி, மேலே துடைத்தால் எழுத்து நிற்கிறது. அரை மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தேன். தகட்டின் பின்பக்கம் ‘நகல் - 2023’ என்று சின்னதாகக் கீறச் சொன்னேன். நாளைக்கு யாராவது கழற்றிப் பார்த்தால் ஏமாறக் கூடாது அல்லவா?

அந்த நல்ல புத்தி அதற்கடுத்த ஐந்தாவது நிமிடம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நண்பர் அனுப்பிய படங்களில் ஜாதகத் தகட்டின் படமும் இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார்.

“இதுவும் அட்ச்சிடலாமா சார்? இன்னா நம்பர் போடணும்?”

அவ்வளவுதான். ஆர்.சி. இருக்கிறதா, வண்டி யாருடையது, ஒரு கேள்வியும் இல்லை. நம்பர் பிளேட்டோ, நாய்கள் ஜாக்கிரதை போர்டோ, அவருக்கு எல்லாம் தகடு. சித்தப்பாவின் ஆர்.சி. புத்தகம் என் பையில் இருந்தது. மூன்று எழுத்தில் ஆரம்பிக்கிற பழைய பதிவு எண், சேசிஸ் நம்பர், 1979-ல் பெட்ரோலைத் தூக்கிவிட்டு டீசல் இன்ஜின் வைத்ததற்கான பதிவு. எல்லாம் முறையாக இருந்தது. நம்பரைச் சொன்னேன்.

“பழ்சு பண்ணிக் குட்க்கவா சார்? கொஞ்சம் ஆசிட்டு காட்னா முப்பது வர்ஷத்துக்கு முன்னாடி அட்ச்ச மாரியே இருக்கும். அறநூறு ரூபாதான்.”

பழசாக்கவும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கையில் வாங்கியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் போடிக்குப் போகிற வழியில்தான் வயிற்றை என்னவோ செய்தது. டேஷ்போர்டுத் தகட்டின் பின்னால் ‘நகல்’ என்று எழுதச் சொன்ன ஆள், இதன் பின்னால் ஏன் சொல்லவில்லை?

மதுரையில் இறங்கினேன். நண்பரின் அண்ணன் ஒருவர் ரிட்டயர்டு பிரேக் இன்ஸ்பெக்டர். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அரசாங்கம் வைத்த பெயர். நம் ஊரில் அவர் என்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். தகட்டைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாப் பண்ணியிருக்கான். ஆனா நம்பர் ரொம்ப நேரா இருக்கு சார். அந்தக் காலத்துல ஒவ்வொரு எண்ணா பஞ்ச் வெச்சு சுத்தியல்ல அடிப்பாங்க. ஒண்ணு ஏறி இருக்கும், ஒண்ணு இறங்கி இருக்கும். இவன் வரிசைல நிக்க வெச்சிருக்கான். நாங்க நம்பரைக்கூட அப்புறந்தான் பார்ப்போம். மொதல்ல ரிவெட்டைப் பார்ப்போம். நடுவுல ஓட்டையோட பாப் ரிவெட் இருந்தா, யாரோ கழட்டி மாட்டியிருக்கான்னு அர்த்தம்.”

“ஆனா இது எங்க வண்டி சார். நம்பரும் எங்க நம்பர்தான். தொலைஞ்சு போனதைத் திரும்ப வைக்கறேன். அதுல என்ன தப்பு?”

“சேசிஸ்ல என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. ஒன்றரை வருடம் வண்டியைக் கழற்றி மாட்டியும் பார்க்கவில்லை! அந்த இடத்தில் தார் மாதிரி ஏதோ பூசி, அதன் மேல் பெயின்ட் ஏறி, மேடாக இருந்தது. மெக்கானிக் தம்பியும் தொடவில்லை. இப்போது யோசித்தால் வேண்டுமென்றேதான் தொடாமல் விட்டாரோ என்று தோன்றுகிறது.

பிரேக் இன்ஸ்பெக்டர் அன்று சாயங்காலம் வரை பேசினார். இரும்பில் நம்பரை அடிக்கும்போது அடிபட்ட இடத்தில் மட்டுமல்ல, அதற்குக் கீழேயும் இரும்பு நசுங்குகிறது. மேலே கிரைண்டர் போட்டு மழமழவென்று ஆக்கினாலும் கீழே நசுங்கினது நசுங்கினதுதான். தடய அறிவியல் ஆட்கள் அதன் மேல் ரசாயனக் கரைசலைத் தடவுவார்கள். நசுங்கிய இரும்பும் நசுங்காத இரும்பும் வேறு வேறு விதமாகக் கரையும். அழித்த நம்பர் கொஞ்ச நேரத்துக்கு ஆவி மாதிரி எழுந்து நிற்கும். சட்டென்று படம் எடுத்துக்கொள்வார்கள். தகட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கழற்றினால் போச்சு.

இதை நான் ஒரு பழைய கதையோடு சேர்த்துப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளின. ஒன்றின் பாகம் மற்றொன்றில் அப்படியே பொருந்தும். ஆனால், ஃபோர்டு தன் நம்பரைச் சேசிஸ் இரும்பின் மேலேயே அடித்தது. வில்லிஸ் ஒரு சின்னத் தகட்டில் நம்பரை அடித்து, சேசிஸின் உள்பக்கத்தில் ரிவெட் வைத்தது. எண்பது வருடம் கழித்து அந்த ஜீப்புகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு அதுதான் தலைவலி. ஃபோர்டு துருப்பிடித்தாலும் பெயரைச் சொல்லும். தகட்டைத் தொலைத்த வில்லிஸ், வாய் பேசாது. டேஷ்போர்டுத் தகடுகளை அச்சு அசலாகச் செய்து விற்கிற கடைகள் வெளிநாட்டில் இருக்கின்றன. அதே கடைகளில் வெற்று நம்பர் தகடும் கிடைக்கும். நம்பரை நீங்களே அடித்துக்கொள்ளலாம். எந்த நம்பரை அடிப்பது என்பது உங்கள் மனசாட்சியின் பாடு. மனசாட்சியை மட்டும் நம்ப முடியாது என்று தெரிந்துதான் அமெரிக்காவில் 1984-ல் சட்டமே போட்டார்கள். அடையாள நம்பரை அழித்தால், மாற்றினால் ஐந்து வருடம் வரை சிறை.

இப்போதைய வண்டிகளுக்கு 17 இலக்கம். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஒன்று என்றும் பூஜ்யம் என்றும் யாராவது தப்பாகப் படித்துவிடுவார்களாம். ‘எம்ஏ’ என்று ஆரம்பித்தால் இந்தியத் தயாரிப்பு. வீட்டில் நிற்கிற வண்டியை ஒரு தடவை குனிந்து பாருங்கள். சித்தப்பாவின் ஜீப் காலத்தில் இந்த ஏற்பாடெல்லாம் கிடையாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு.

போடிக்குப் போனேன். மெக்கானிக் தம்பி, நான், ஒரு புட்டி பெயின்ட் ரிமூவர், பித்தளை பிரஷ். இரும்பு பிரஷ் வேண்டாம், நம்பரையும் சேர்த்துத் தேய்த்துவிடும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தார் இளகியது. அதற்குக் கீழே பச்சைப் பெயின்ட். சித்தப்பாவின் ஜீப் என் நினைவு தெரிந்த நாளாக நீலம். பச்சைக்குக் கீழே சிவப்பு பிரைமர். அப்புறம் எண்கள்.

பென்சிலைத் தேய்த்துத் தாளில் எடுத்தேன். ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்தேன். ஒரு எண் மாறியிருந்தால் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சொல்லலாம். கடைசி ஐந்து எண்ணும் வேறு.

மெக்கானிக் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அண்ணே, விடுங்கண்ணே. அரை மணி நேர வேலை. கிரைண்டர் ஒரு தேய் தேச்சு, பஞ்ச் வெச்சு அடிச்சு விட்டுருவோம். நீங்க கொண்டாந்த தகட்டையும் அடிச்சிட்டா யாருண்ணே கேக்கப் போறா? நம்ம வண்டிதான?” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. ஆர்.சி. எங்களுடையது. ஜீப் எங்களுடையது. இரண்டையும் சேர்த்து வைக்க ஐந்து எண்கள்தான் தடை. யாருக்கு நஷ்டம்? ஆனால், உடனேயே இன்னொரு நினைப்பு ஓடியது. அப்படியானால் இந்த இரும்பு யாருடையது? யாரோ ஒருவர் ‘என் ஜீப்பைக் காணோம்’ என்று ஏதாவது ஸ்டேஷன் வாசலில் நின்றிருப்பாரோ? சித்தப்பா, பாக்கிச் சில்லறை நாலணாவை ஞாபகம் வைத்து மறுநாள் கொடுக்கிறவர். அவரா?

“நாளைக்குப் பேசலாம் தம்பி” என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது சித்தி கேட்டார், “என்னய்யா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

எப்படிக் கேட்பது? புருஷன் செத்து இத்தனை வருடம் கழித்து, ‘சித்தப்பா திருட்டு ஜீப்பா ஓட்டினார்’ என்று கேட்க முடியுமா? சுற்றி வளைத்து, சேசிஸ், நம்பர், ஆர்.சி. என்று ஏதோ உளறினேன். சித்தி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, “சேசு மாத்துனதத்தான கேக்குற?” என்றார்.

1986 ஐப்பசி. மழை. ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இறங்கும்போது ஒரு வளைவில் மண் சரிந்து ஜீப் கீழே உருண்டது. சித்தப்பா முன்பே குதித்துவிட்டதால் கை எலும்போடு போயிற்று. வண்டியின் சேசிஸ் முறுக்கிக்கொண்டது. பாடி நசுங்கிவிட்டது. இன்ஜின் மட்டும் தப்பியது. பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஓடாமல் கிடந்த ஒரு ஜீப்பை இரும்பு விலைக்குக் கொடுத்தார்கள். அதன் சேசிஸை எடுத்து, புது பாடி கட்டி, நம் இன்ஜினை ஏற்றினார்கள்.

“எங் கழுத்துச் செயினு அதுலதான் போச்சு. நீ சின்னப் பய, ஒனக்கு எங்க தெரியும். வந்தப்ப வண்டி நீலமாத்தான இருந்துச்சு, நீயும் ஏறி ஒக்காந்துக்கிட்ட.”

எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே இன்ஷூரன்ஸ் தாள்கள், ஒரு ரேஷன் கார்டு, நாலாக மடித்த ஒரு ரசீது. ரசீதில் எழுத்து மலையாளம். எண் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதானே! நான் பென்சில் தேய்த்து எடுத்த அதே நம்பர்.

சித்தப்பா திருடவில்லை. சொன்னால் நம்புவீர்களா, எனக்குத் தோசை இறங்கியது.

டின்னுக்கு அடியில் துணியில் சுற்றி இன்னொன்று இருந்தது. அலுமினியத் தகடு. ஒரு மூலை மடங்கியிருந்தது. எண்கள் ஏறி இறங்கி, ஒன்று சாய்ந்து, ஒன்று பாதி பதிந்து... ஆர்.சி.யில் இருக்கிற நம்பர். ஒரிஜினல்.

“இதை ஏன் சித்தி வண்டில மாட்டல?”

“பாடி கட்டுனவரு ஓட்டையெல்லாம் போட்டு மாட்ட வந்தாரு. இவுகதான் வேணாம்னுட்டாக. ‘அது அந்த வண்டியோடது, இதுல எப்படி அடிக்கிறது’ன்னாக.”

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. தகட்டை மாட்ட மனசு வராத அதே மனுஷர், முன்னாலும் பின்னாலும் பழைய வண்டியின் பதிவு நம்பரைப் போட்டுக்கொண்டு பதினைந்து வருடம் மெட்டுக்கு ஏறி இறங்கியிருக்கிறார்! இன்ஜின் மாற்றியதை எழுதிக் கொடுத்து ஆர்.சி.யில் ஏற்றினவர், சேசிஸ் மாற்றியதைச் சொல்லவில்லை. எஃப்.சி.க்கு எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை. சித்தியும் சொல்லவில்லை. நேர்மை என்பதை ஒவ்வொருத்தரும் எங்கே கோடு போட்டு நிறுத்துகிறார்கள் என்பது விசித்திரமான விஷயம். என் கோடு பாரிமுனையில் ஐந்து நிமிடத்தில் அழிந்ததை நினைத்துக்கொண்டேன்.

இப்போது என்னிடம் இரண்டு தகடுகள். ஒன்று பொய்யாகச் செய்தது. இன்னொன்று நிஜம். ஆனால், அந்த நிஜத் தகட்டை இந்தச் சேசிஸின் மேல் மாட்டினால் அதுவும் பொய்தான் சொல்லும்.

மறுபடியும் மதுரை. பிரேக் இன்ஸ்பெக்டர் ரசீதை ரொம்ப நேரம் பார்த்தார்.

“சட்டத்துக்கு சேசிஸ்தான் சார் வண்டி. மத்ததெல்லாம் அது மேல ஏறி உக்காந்திருக்கிற சாமான். உங்க சித்தப்பா வண்டி 86-லயே முடிஞ்சுபோச்சு. இப்ப தோப்புல நிக்கிறது அந்தக் கேரளாக்காரர் வண்டி.”

வழி? அந்த எஸ்டேட்காரரின் ஆர்.சி. வேண்டும். அந்த ஊர் ஆபீஸின் தடையில்லாச் சான்று வேண்டும். பூப்பாறைக்குப் போய் விசாரித்தேன். எஸ்டேட் இரண்டு கை மாறிவிட்டது. விற்றவர் போய்ச் சேர்ந்து இருபது வருடம். புது முதலாளி டீ கொடுத்து அனுப்பினார்.

2021-ல் மத்திய அரசு ஐம்பது வருடம் தாண்டிய வாகனங்களுக்கு என்று தனிப் பதிவு கொண்டு வந்தது. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். எனக்கு அதில் ஒரு நப்பாசை இருந்தது. படித்துப் பார்த்தால், வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று இருக்கிறது. எங்கள் ஜீப்பில் அந்த மூன்றுமே மாறியிருக்கின்றன. சித்தப்பா ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

“அப்ப அந்த அரை மணி நேர வேலைதான் வழியா சார்?” என்று சும்மா கேட்டுப் பார்த்தேன்.

“பண்ணலாம். ஒருத்தனும் கண்டுபிடிக்காமகூடப் போகலாம். ஆனா, மெட்டு ஏறும்போது ஒருத்தர் மேல இடிச்சுட்டீங்கன்னு வைங்க. இன்ஷூரன்ஸ்காரன் குனிஞ்சு பார்ப்பான். அப்ப அடிபட்டவனுக்கும் ஒண்ணும் கிடைக்காம, உங்களுக்கும் கேஸ் ஆகி நிப்பீங்க. உங்க சித்தப்பா பேரும் சேர்ந்து வரும்.”

போடிக்குத் திரும்பி, மெக்கானிக் தம்பியிடம் தகரம் வெட்டுகிற கத்தரியை வாங்கி, அறுநூறு ரூபாய்த் தகட்டை நாலாக வெட்டினேன். அவர் முகத்தில், ‘மெட்ராஸ்காரங்க இப்படித்தான்’ என்று எழுதியிருந்தது. ஒரிஜினலைத் திரும்பத் துணியில் சுற்றி டின்னில் வைத்தேன். டேஷ்போர்டில் மூன்று கம்பிப் படம் போட்ட நகல் தகட்டை மட்டும் மாட்டினோம். அது பொய் சொல்லவில்லை. கம்பி எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கிறது என்கிறது. பானெட்டுக்குள் அந்த நான்கு ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் போகாமல் இருக்க ரப்பர் வைத்து அடைத்தோம்.

சித்தியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ‘மெட்டுக்குப் போக முடியாது சித்தி, இந்த வண்டி ரோட்டுல ஏறக் கூடாது’ என்றேன். கார் வைத்துக் கூட்டிப் போகிறேன் என்றேன். கார் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தபடி இருந்தார்.

“ரோட்டுலதான போகக் கூடாது? தோப்பு நம்மளோடதுதான?”

முந்தின நாள் மழை. தோப்பின் கிழக்கோரம் வாய்க்காலை ஒட்டி ஒரே சேறு. சித்தி முந்தானையைச் செருகிக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். முதல் சுற்று ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது சுற்றில் வாய்க்கால் கரையில் பின் சக்கரம் இரண்டும் சுழல ஆரம்பித்தன. வண்டி நகரவில்லை. ஓரத்துக் கம்பியைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. இன்னும் இழுத்தேன். கறகறவென்று சத்தம். சரி, எதற்காகப் பாரிமுனையில் அரை மணி நேரம் நின்றோம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டேஷ்போர்டுத் தகட்டைக் குனிந்து படிக்க ஆரம்பித்தேன்.

“அதுல என்னய்யா எழுதியிருக்கு?” என்றார் சித்தி.

“இருங்க சித்தி, எந்தக் கம்பின்னு பாக்கறேன்.”

“மொதல்ல நடுக் கம்பிய்யா. அது விழுந்தப்புறந்தான் ஓரக் கம்பி வரும். மழைல இவுக கல்லு போட எறங்குனா, நாந்தான ஒக்காந்து இதையெல்லாம் தள்ளுவேன். கிளச்ச நல்லா மிதி.”

மிதித்தேன். நடுக் கம்பி விழுந்தது. அப்புறம் ஓரக் கம்பியும் வந்தது. ஜீப் மெதுவாகக் கரையேறியது.